மிசூரி ஆற்றங்கரையில் தொலைந்த ஒரு ஜேர்மனி

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைக் குறுக்கறுத்துக்கொண்டு 386 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு சரளைப் பாதை போகிறது. மேற்கே கிளின்ரன் என்ற சிற்றூரில் தொடங்கி, கிழக்கே மேச்சன்ஸ் என்ற இடத்தில் முடியும் இந்தப் பாதைக்குக் 'கேற்றி பாதை' என்று பெயர். நொறுக்கிய சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி இறுக்கிய தரை. காருக்கும் லொறிக்கும் அங்கே இடமில்லை. நடப்பவர்களும் சைக்கிளில் வருபவர்களும், சில பகுதிகளில் குதிரையில் வருபவர்களும் மட்டுமே போகலாம். ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. பழகாத கால்களாலும் நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் மிதித்துவிட முடியும்.

பூன்வில்லுக்குக் கிழக்கே இந்தப் பாதை மிசூரி ஆற்றின் வடகரையைப் பற்றிக்கொள்கிறது. ஒரு பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள். மறுபக்கம் சோளமும் சோயாவும் விளையும் வெள்ளச் சமவெளி. அதற்கப்பால் ஆறு. செயின்ற் சார்ல்ஸ் நகரத்தை நோக்கிப் போகப் போக ஊர்ப் பெயர்கள் மாறத் தொடங்குகின்றன. ரைன்லாண்ட் வருகிறது. அக்கரையில் ஹெர்மன் வருகிறது. பிறகு ட்ரெலோர், டட்சோ, ஒகஸ்ரா. குன்றுகளின் மேல் திராட்சைத் தோட்டங்கள் தெரிகின்றன. பாதையோரப் பலகைகளில் 'ஹவுஸ்', 'ஹோஃப்' என்று முடியும் விடுதிப் பெயர்கள். இலையுதிர்காலச் சனி ஞாயிறுகளில் பித்தளை வாத்தியங்களின் ஒலி கேட்கும். எல்லாமே ஜேர்மன். ஆனால் அந்த ஊர்களில் ஜேர்மன் மொழியில் ஒருவரோடு பேச வேண்டுமென்றால் ஆளைத் தேடவேண்டியிருக்கும்.

இந்தப் பள்ளத்தாக்கில் நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் மூன்று விடயங்கள் அழிந்தன: ரயில், வைன், மொழி. முதல் இரண்டும் ஏதோ ஒரு வடிவில் திரும்பி வந்தன. மூன்றாவது வரவில்லை. ஏன் என்ற கேள்வி, வேறொரு நாட்டில் வேறொரு மொழியைக் கையில் வைத்துக்கொண்டு வாழும் நமக்கு அந்நியமான கேள்வி அல்ல.

ஜேர்மனியர் வந்தபோது அது ஆளில்லா நிலமாக இருக்கவில்லை. ஓசேஜ் மக்களின் நாடு அது. 1808ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அவர்கள் இன்றைய மிசூரியின் பெரும்பகுதியை அமெரிக்க அரசிடம் இழந்தார்கள். 1825இல் எஞ்சியதும் போயிற்று. அதற்கு முன்பே, 1804 மே மாதத்தில், லூயிசும் கிளார்க்கும் தங்கள் படகுகளை இதே ஆற்றில் மேல்நோக்கிச் செலுத்தினார்கள். இன்றைய மார்த்தாஸ்வில்லுக்கு அருகில் இருந்த லா ஷாரெற் என்ற பிரெஞ்சுக் குடியிருப்புத்தான் அவர்கள் கடந்த கடைசி வெள்ளையர் ஊர். வரிசையாகப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் நிலம் கிடைத்தது, முன்பிருந்தவர்கள் அப்புறப்படுத்தப்பட்டதால்தான். புலம்பெயர்ந்தோர் வரலாறு எதை எழுதினாலும் இந்த முதல் வரியை விட்டுவிட்டு எழுத முடியாது.

1824இல் கொற்பிரீட் டூடன் என்ற ஜேர்மன் வழக்கறிஞர் இங்கே வந்து, இன்றைய டட்சோவுக்கு அருகில் நிலம் வாங்கிக் குடியிருந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பி, 1829இல் ஒரு நூலை வெளியிட்டார். மிசூரியிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்கள் போல அமைந்த நூல். நிலம் மலிவு, மண் வளம், வரி குறைவு, பிரபுக்கள் இல்லை, ஆறு ரைன் நதியை நினைவூட்டுகிறது. நெருக்கடியான வயல்களிலும் அடக்குமுறைச் சிற்றரசுகளிலும் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் புத்தகம் ஒரு கதவாகத் தெரிந்தது. ஆனால் டூடன் கையில் பணத்தோடு வந்தவர். காட்டை வெட்டியதும் உழுததும் பெரும்பாலும் அவர் கூலி கொடுத்து அமர்த்தியவர்கள். புத்தகத்தை நம்பி வந்த பலரிடம் அந்தப் பணம் இருக்கவில்லை. வெளிநாடு போனவர் எழுதும் கடிதத்தில் எது விடுபடும் என்பது நமக்கும் தெரியும்.

படித்தவர்களும் வந்தார்கள். 1834இல் பவுல் ஃபொலேனியுஸ், பிரீட்ரிக் மியூன்ச் ஆகிய இருவர் தலைமையில் கீசன் குடியேற்றச் சங்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 500 பேர் இரண்டு கப்பல்களில் புறப்பட்டார்கள். அமெரிக்காவுக்குள் ஒரு ஜேர்மன் மாநிலத்தை உருவாக்குவது அவர்கள் திட்டம். ஜேர்மனியில் கிடைக்காத குடியரசை ஜேர்மன் மொழியில் இங்கே கட்டுவோம் என்று நம்பினார்கள். வழியிலேயே நோயும் பூசலும் பிடித்து, சங்கம் மிசூரியை அடையும்போது சிதறிவிட்டது. மாநிலம் அமையவில்லை. ஆனால் மியூன்ச் இங்கேயே தங்கினார். பாதிரியாராக இருந்தவர் விவசாயி ஆனார், பத்திரிகைகளில் எழுதினார், உள்நாட்டுப் போர்க்காலத்தில் மாநில செனற்றராக இருந்தார், அமெரிக்க மண்ணில் திராட்சை வளர்ப்பது எப்படி என்று நூல் எழுதினார். அவருடைய தம்பி கெயோர்க் 1859இல் ஒகஸ்ராவில் தொடங்கிய வைன் ஆலை இன்றைக்கும் அந்த ஊரின் அடையாளங்களில் ஒன்று.

ஹெர்மன் நகரத்தின் கதை இன்னும் தெளிவானது. பிலடெல்பியாவில் ஏற்கெனவே குடியேறியிருந்த ஜேர்மனியர், தங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குள் கரைந்து போவதைக் கண்டு கலங்கினார்கள். 1836இல் ஒரு குடியேற்றச் சங்கம் அமைத்தார்கள். மேற்கே, மற்றவர்களிடமிருந்து விலகி, மொழியும் பழக்கமும் கலையாமல் இருக்கக்கூடிய ஓர் ஊர் வேண்டும் என்பதே அதன் நோக்கம். கெயோர்க் பாயர் என்ற ஆசிரியரை அனுப்பி, மிசூரி ஆற்றின் தென்கரையில் ஏறத்தாழ 11,000 ஏக்கர் வாங்கினார்கள். ரோமப் படைகளை முறியடித்த பழைய ஜேர்மன் வீரனின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். தெருக்களுக்கு ஷில்லர், கோதே, மோட்சார்ட், கூட்டன்பேர்க் என்று பெயரிட்டார்கள். சந்தைத் தெரு பிலடெல்பியாவின் சந்தைத் தெருவைவிடப் பத்தடி அகலமாக இருக்கவேண்டும் என்று வரைபடத்தில் குறித்தார்கள்.

வரைபடம் தட்டையான தாளில் இருந்தது. நிலம் குன்றும் பள்ளமுமாக இருந்தது. 1837 டிசம்பரில் முதல் 17 பேர் வந்திறங்கியபோது அவர்களுக்கு ஒரு கூரைகூடத் தயாராக இருக்கவில்லை. நோய்ப்பட்டு வழியில் தங்கிவிட்ட பாயர் அடுத்த வசந்தத்தில்தான் வந்து சேர்ந்தார். எல்லாப் பழியும் அவர்மேல் விழுந்தது. பதவி பறிக்கப்பட்டு, சிறிது காலத்திலேயே அவர் இறந்தும் போனார்.

கோதுமைக்கு உதவாத அந்தச் சரிவுகளில் காட்டுத் திராட்சை தானாகவே படர்ந்திருந்தது. ஊர்க்காரர்கள் அதைக் கவனித்தார்கள். 1840களில் ஊராட்சி திராட்சை பயிரிடுவதற்கென்றே குன்று நிலங்களைத் துண்டுகளாக்கி, தவணை முறையில் விற்றது. ஐரோப்பியக் கொடிகள் இந்தக் குளிரிலும் ஈரத்திலும் பிழைக்கவில்லை. கற்றோபா, கொன்கோர்ட், நோர்ட்டன் போன்ற அமெரிக்கக் கொடிகள் பிழைத்தன. வேர்ஜினியாவில் தோன்றிய நோர்ட்டன், மிசூரியில்தான் தன் வீட்டைக் கண்டது. 2003இல் மாநிலத்தின் அதிகாரபூர்வத் திராட்சையாகவும் அறிவிக்கப்பட்டது. 1847இல் தொடங்கிய ஸ்ரோன் ஹில் ஆலை அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நாட்டின் மிகப் பெரிய வைன் ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. 1873இல் வியன்னாவிலும் 1876இல் பிலடெல்பியாவிலும் நடந்த உலகக் கண்காட்சிகளில் அதன் வைனுக்குப் பதக்கம் கிடைத்தது.

மொழி அந்த ஊரில் வெறும் வீட்டுப் பேச்சாக இருக்கவில்லை. அச்சுக்கூடம் இருந்தது, பத்திரிகை இருந்தது, நாடகக் குழு இருந்தது, 1871இல் கட்டிய பெரிய ஜேர்மன் பாடசாலை இருந்தது. எடுவார்ட் மியூல் என்பவர் 1843இல் தன் பத்திரிகையைச் சின்சினாட்டியிலிருந்து இங்கே கொண்டுவந்து, அடிமை முறை சட்டபூர்வமாக இருந்த மாநிலத்துக்குள் இருந்துகொண்டே அதற்கெதிராக எழுதினார். அந்த எழுத்து காற்றில் போகவில்லை. 1860 சனாதிபதித் தேர்தலில் மிசூரி முழுவதிலும் லிங்கன் வென்ற மாவட்டங்கள் இரண்டே இரண்டு. ஒன்று செயின்ற் லூயிஸ். மற்றது ஹெர்மன் அமைந்திருக்கும் கஸ்கனேட்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் ஒரு பேரழிவு தொடங்கியது. 1860களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் காரணம் தெரியாமல் பட்டுப்போயின. வேரை உறிஞ்சும் ஃபைலொக்சரா என்ற சிறு பூச்சிதான் காரணம் என்பது 1868இல் தெரியவந்தது. அது வட அமெரிக்காவிலிருந்து கப்பலேறிப் போன பூச்சி. அப்போது மிசூரி மாநிலத்தின் பூச்சியியலாளராக இருந்த சார்ல்ஸ் வலன்ரைன் ரைலி, பிரெஞ்சு அறிஞர் பிளாஞ்சோனோடு சேர்ந்து இதை உறுதிப்படுத்தினார். அமெரிக்கக் கொடிகள் நெடுங்காலம் இந்தப் பூச்சியோடு வாழ்ந்து பழகியதால் அவற்றின் வேர் தாங்கும். ஆகவே அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே வழி. ஹெர்மனில் வளர்ந்த ஜோர்ஜ் ஹுஸ்மன், மிசூரியின் தென்மேற்கில் இருந்த சுவிஸ்காரர் ஹெர்மன் ஜேகர், போஹீமியாவிலிருந்து வந்த யூதரான இசிடோர் புஷ் ஆகியோரின் தோட்டங்களிலிருந்து ஏராளமான கொடித் துண்டுகள் பிரான்சுக்குப் போயின. ஐரோப்பாவை விட்டு வந்தவர்களின் தோட்டங்கள் ஐரோப்பாவின் வைனைக் காப்பாற்றுவதற்குக் கைகொடுத்தன. இன்றும் பிரான்சில் பெரும்பாலான கொடிகள் அமெரிக்க வேரில்தான் நிற்கின்றன. அந்த வைனை யாரும் அமெரிக்க வைன் என்று சொல்வதில்லை.

ரயில் இதற்கிடையில் வந்து சேர்ந்தது. தென்கரையில் 1850களிலேயே தண்டவாளம் ஹெர்மனை எட்டியது. வடகரைக்கு 1890களில் மிசூரி–கான்சஸ்–ரெக்சாஸ் ரயில் வந்தது. அதன் எழுத்துகளான 'எம்.கே.ரி'யின் கடைசி இரண்டையும் சேர்த்துச் சொல்லி, மக்கள் அதைக் 'கேற்றி' என்று அழைத்தார்கள். ரோச்போர்ட்டில் பாறையைக் குடைந்த சுரங்கத்தில் 1893 என்று வருடம் பொறித்திருக்கிறது. ஆற்றை நம்புவது எவ்வளவு கடினம் என்பதை ஒகஸ்ரா ஏற்கெனவே அறிந்திருந்தது. 1872 வெள்ளத்தில் மிசூரி தன் போக்கை மாற்றிக்கொள்ள, படகுத்துறையாக இருந்த ஊர் ஆறில்லாத ஊராயிற்று. பிறகு அதற்கு ரயில்தான் வழி.

பிறகு இரண்டு அடிகள் அடுத்தடுத்து விழுந்தன.

முதல் அடி மொழிக்கு. 1917இல் அமெரிக்கா ஜேர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியதும், பேசும் மொழியே சந்தேகத்துக்குரியதாயிற்று. 1918இல் மிசூரியின் பாதுகாப்புச் சபை ஜேர்மன் மொழிப் பயன்பாட்டுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. கஸ்கனேட் மாவட்டத்தில் பொற்ஸ்டம் என்றிருந்த ஊர், அமெரிக்கத் தளபதியின் பெயரால் பேர்ஷிங் ஆயிற்று. செயின்ற் லூயிசில் பெர்லின் அவென்யூவுக்கும் அதே பெயர் மாற்றம். மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள், தபால் நிலையத்தில் தாயோடு பேசும்போது குரலைத் தாழ்த்த வேண்டியதாயிற்று.

இரண்டாவது அடி வைனுக்கு. 1920இல் மதுவிலக்கு நாடு முழுவதற்குமான சட்டமானது. கொடிகள் பிடுங்கப்பட்டன. ஸ்ரோன் ஹில்லின் பெரிய நிலவறைகளில் காளான் வளர்த்தார்கள். 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது திரும்பத் தொடங்குவதற்குத் தோட்டமும் இல்லை, சந்தையும் இல்லை, தொழில் தெரிந்தவர்களும் அருகிவிட்டார்கள்.

ஆனாலும் வைன் திரும்பியது. 1965இல் ஒரு விவசாயக் குடும்பம் ஸ்ரோன் ஹில்லின் நிலவறைகளைச் சுத்தம் செய்து மறுபடி தொடங்கியது. அடுத்த ஆண்டு ஒகஸ்ராவில் மியூன்ச் சகோதரரின் பழைய ஆலையும் உயிர்பெற்றது. 1980 யூன் 20ஆம் திகதி, அமெரிக்காவில் சட்டபூர்வமாக எல்லை வகுக்கப்பட்ட முதல் வைன் பிரதேசமாக ஒகஸ்ரா அறிவிக்கப்பட்டது. கலிபோர்னியாவின் நாபா அதற்குப் பிறகுதான் வந்தது.

ரயிலின் முடிவு 1986இல் வந்தது. அந்த ஒக்ரோபர் வெள்ளத்தில் தடம் பலத்த சேதமடைய, கம்பனி செடாலியாவிலிருந்து மேச்சன்ஸ் வரையான பகுதியைக் கைவிட்டது. இங்கே ஒரு சட்டம் உதவிக்கு வந்தது. 1983இல் அமெரிக்கக் காங்கிரஸ் செய்த திருத்தத்தின்படி, ஓடாத ரயில் தடத்தை 'கைவிடப்பட்டது' என்று கருதாமல், எதிர்காலத்தில் ரயில் தேவைப்படலாம் என்ற கணக்கில் சேமிப்பில் வைக்கலாம். அதுவரை அதைப் பாதையாகப் பயன்படுத்தலாம். செயின்ற் லூயிசைச் சேர்ந்த முதலீட்டு நிறுவனத் தலைவர் எட்வர்ட் 'ரெட்' ஜோன்சும் அவர் மனைவி பற் ஜோன்சும் 22 இலட்சம் டொலர் நன்கொடை கொடுக்க, மாநிலம் தடத்தை வாங்கியது.

எல்லோரும் மகிழவில்லை. தடத்தின் இரு பக்கத்திலும் வயல் வைத்திருந்தவர்கள், 'எங்கள் பாட்டன் ரயிலுக்கென்றுதான் வழி கொடுத்தார், சைக்கிளுக்கென்று கொடுக்கவில்லை. ரயில் போனால் நிலம் எங்களுக்கு' என்று வாதிட்டார்கள். நியாயமான வாதம்தான். 1990இல் உச்ச நீதிமன்றம், வேர்மொன்ட் மாநில வழக்கொன்றில், சட்டம் செல்லும் என்றது. அதே வேளை இழப்பீடு கேட்கும் வழியைத் திறந்தே விட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு மிசூரி நிலக்காரர்கள் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பாதை இருக்கும், அரசு பணம் கொடுக்கவேண்டும். 1990இல் ரோச்போர்ட்டில் முதல் பகுதி திறக்கப்பட்டது. 1993 பெருவெள்ளம் பாதையின் பல பகுதிகளை அடித்துக்கொண்டு போனது. மறுபடி சுண்ணாம்புக்கல் கொட்டிச் செப்பனிட்டார்கள்.

இப்போது பழைய கேள்விக்கு வரலாம். ரயில் தடம் திரும்பியதற்குக் காரணம், அதைச் சேமித்து வைக்க ஒரு சட்டம் இருந்தது. தண்டவாளத்தைக் கழற்றினாலும் மண் அணை அங்கேயே கிடந்தது. வைன் திரும்பியதற்குக் காரணம், பாறைக்குள் வெட்டிய நிலவறை கெட்டுப்போகவில்லை, மியூன்சும் ஹுஸ்மனும் எழுதிய நூல்கள் இருந்தன, நோர்ட்டன் கொடி எங்கோ ஒரு வேலியில் பிழைத்திருந்தது. தடத்தைச் சில ஆண்டுகளும் வைனை நாற்பது, ஐம்பது ஆண்டுகளும் கிடப்பில் போட்டுவிட்டு எடுக்க முடிந்தது.

மொழிக்கும் சட்டம் வராமல் இல்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஜேர்மனில் வாசிக்கக் கற்பித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஆசிரியர் ரொபேர்ட் மேயரின் வழக்கில், 1923இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தாய்மொழியைக் கற்பிக்கும் உரிமைக்கு அமெரிக்காவில் இன்றும் காட்டப்படும் தீர்ப்பு அது. ஐந்து ஆண்டுகளில் உரிமை திரும்பிவிட்டது. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வீடுகள் மாறியிருந்தன. பயந்த பெற்றோர் பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசப் பழகிவிட்டார்கள். பழக்கம் ஒரு முறை மாறிய வீட்டுக்குள் நீதிமன்றம் நுழைய முடியாது.

முழுப் பழியையும் போரின்மேல் போடுவதும் சரியல்ல. 1880களுக்குப் பிறகு ஜேர்மனியிலிருந்து புதிதாக வருவோர் குறைந்துகொண்டே வந்தார்கள். படிப்பும் வியாபாரமும் ஆங்கிலத்தில் நடந்தன. பாடசாலை இருந்தது, பத்திரிகை இருந்தது. ஆனால் அவற்றைத் தேடி வரவேண்டிய இளையவர்கள் ஏற்கெனவே வேறு பக்கம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். 1918 தள்ளிய கதவு பாதி சாத்தியிருந்த கதவு. அடக்குமுறை ஒரு மொழியைக் கொல்வதற்கு, வீட்டுக்குள் அதற்கு ஏற்கெனவே கொஞ்சம் மூச்சு முட்டியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

எஞ்சியது எது என்று பார்த்தால் அதுவும் பாடமாக இருக்கிறது. மே மாதத் திருவிழா இருக்கிறது, ஒக்ரோபர் திருவிழா இருக்கிறது, உணவு இருக்கிறது, உடை இருக்கிறது, தெருப் பெயர் இருக்கிறது. விற்கக்கூடியதும் காட்டக்கூடியதும் பிழைத்தன. கனடாவின் நாடாளுமன்றம் 2016இல் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம், மகிழவும் வேண்டும். பொங்கல் பானையும் பரதநாட்டியமும் நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இருக்கும் என்று ஹெர்மனைப் பார்த்தால் தைரியமாகச் சொல்லலாம். அந்தப் பானையைச் சுற்றி நிற்பவர்கள் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள் என்பதை ஹெர்மனைப் பார்த்துத் தைரியமாகச் சொல்ல முடியவில்லை. நமக்கு அவர்களிடம் இல்லாத வசதிகள் உண்டு: தொலைபேசியில் அம்மம்மாவின் முகம், ஊரிலிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கும் மனிதர்கள், எந்நேரமும் கிடைக்கும் பாட்டும் படமும். அவர்களிடம் இருந்து நம்மில் பலருக்கு இல்லாதவையும் உண்டு: சொந்தமாக ஒரு நகரம், நாள் முழுவதும் இயங்கும் பாடசாலை, உள்ளூரில் அச்சாகும் பத்திரிகை. அவ்வளவும் இருந்தும் முடியாமல் போனது என்பதை நாம் மறக்கக் கூடாது.

சைக்கிளில் போகிறவர்கள் மெக்கிற்றிக்கில் பாதையை விட்டிறங்கி, 2007இல் திறந்த பாலத்தின் ஓரத் தடம் வழியாக ஆற்றைக் கடந்து ஹெர்மனுக்குள் போகலாம். அந்தப் பழைய ஜேர்மன் பாடசாலை இன்று அருங்காட்சியகம். அதன் கோபுரக் கடிகாரம் இப்போதும் மணி அடிக்கிறது. சற்றுத் தள்ளி, மியூலின் பத்திரிகை அச்சான ஸ்ரேலி வீட்டை மாநில அரசு வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கிறது. வீட்டின் பின்புறம் 1850களில் நட்ட நோர்ட்டன் கொடிகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் காய்க்கின்றன. அந்த வீட்டில் அச்சான பத்திரிகையை வாசிக்க, ஊருக்கு வெளியிலிருந்து ஒருவரை அழைக்கவேண்டும்.